மருந்து கொடுப்பவரும் கொள்கை வகுப்பவரும்

திருப்பதிக்கு வராத தமிழர் அரியர். தில்லியில் இருந்தாலும், மும்பையில் இருந்தாலும், ஆமதாபாத்திலோ ஜாம்ஷெட்பூரிலோ இருந்தாலும், ஊருக்குப் போகும்போது அல்லது திரும்பும்போது ஒரு நாளை ஒதுக்கி மலையேறி வருவது நம்மவர் பலருடைய வழக்கம். அப்படி வருகிறவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது அறுபதை நெருங்குகிறது. அலிபிரியிலிருந்து 3,550 படிகளையும் நடந்தே ஏறுவதாக வேண்டுதல். முந்திய நாள் இரவு விடுதியில் பெட்டியைத் திறந்து பார்க்கும்பொழுதுதான், இரத்த அழுத்தத்துக்காக நாள்தோறும் சாப்பிடும் மாத்திரையைப் புணேயில் வீட்டிலேயே மறந்து வந்துவிட்டது தெரிகிறது. ரயில் நிலையத்தின் பக்கத்துத் தெருக்களில் மருந்துக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் மாத்திரையின் பெயர் நினைவுக்கு வரவில்லை. 'சிறியதாக இருக்கும், வெள்ளை நிறம்' என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கடையில் இருப்பவர் தெலுங்கில் கேட்கிறார்; இவர் தமிழும் ஹிந்தியும் கலந்து விடை சொல்கிறார்.

மறுநாள் இவர் படியேறுவதும் ஏறாததும் அந்த மேசைக்குப் பின்னால் நிற்பவர் செய்யப்போகும் காரியத்தைப் பொறுத்திருக்கிறது. உத்தேசமாக ஒரு சிறிய வெள்ளை மாத்திரையை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அல்லது, 'வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி, மாத்திரை அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்' என்று கூறி, வந்த படத்தில் உள்ள மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் படித்துப் பார்த்து, அதே மருந்தை மூன்று நாளைக்கு மட்டும் கொடுத்து, 'காலையில் அழுத்தத்தை அளந்து பார்த்த பிறகு படியேறுங்கள்' என்று சொல்லி அனுப்பலாம். முன்னது வியாபாரம். பின்னது மருந்தாளுமை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ், ஒரே உரிமத்தின் பேரில் நாம் காண்கிறோம்.

இந்த மருந்தாளுநரைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன். அதிலும் ஒரு குறிப்பிட்ட செய்தியை எடுத்துக்கொள்கிறேன். மருந்துகள் சம்பந்தமாக அரசாங்கம் கொள்கை வகுக்கும் இடத்தில், பணியில் இருக்கும் மருந்தாளுநர் ஒருவரை ஓராண்டுக் காலம் சம்பளத்தோடு உட்கார வைத்துப் பழக்கும் முறை சில நாடுகளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதை ஃபெலோஷிப் என்கிறார்கள். நாம் நல்கை என்று சொல்லலாம். இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்களானால், விடையை நான் லண்டனில் தேடவில்லை. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே பல ஆண்டுகள் மருந்து கொடுத்தவன் நான். அங்கே கிடைத்த விடையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்தத் தொழில் வந்த வழியைச் சற்றுப் பார்ப்போம். நம் பாட்டனார் காலத்தில் கம்பவுண்டர் என்று ஒருவர் இருந்தார். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து, கண்ணாடிக் குடுவையில் மருந்தைக் கலந்து, புட்டியின் பக்கத்தில் அளவு காட்டும் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுப்பார். அவருக்குக் கல்வித் தகுதி இன்னது என்ற வரையறை நாடெங்கும் ஒரே சீராக இருக்கவில்லை. கடைகளில் விற்ற மருந்துகளின் தரத்துக்கும் காப்பு இல்லை. 1930-இல் இந்திய அரசாங்கம் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் ஒரு கமிட்டியை அமைத்தது. சோப்ரா மருந்தியல் பேராசிரியர். கல்கத்தா வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியில் பணியாற்றியவர். மருந்துக்கு ஒரு சட்டம் வேண்டும், மருந்து கொடுப்பவருக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று அந்தக் கமிட்டி 1931-இல் எழுதியது. மருந்துக்கான சட்டம் 1940-இல் வந்தது. மருந்து கொடுப்பவருக்கான பார்மசிச் சட்டம் 1948-இல்தான் வந்தது. சரக்கைப் பற்றி எட்டு ஒன்பது ஆண்டுகளில் கவலைப்பட்ட அரசாங்கத்துக்கு, சரக்கைக் கையாளும் மனிதரைப் பற்றிக் கவலைப்படப் பதினேழு ஆண்டுகள் ஆயின. இடையே ஒரு பெரும்போர் வந்தது உண்மைதான். ஆயினும் அந்த வரிசையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு மிகவும் தெளிவானது. பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதார், மருத்துவரின் சீட்டின்மேல் மருந்தைக் கலந்தோ எடுத்தோ கொடுத்தல் கூடாது. இதன் பிறகு டிப்ளமா, பட்டம் என்று படிப்புகள் சீர்பட்டன. 2008-இல் ஆறாண்டுப் படிப்பான ஃபார்ம்.டி. வந்தது. 2015-இல் வெளியான நடைமுறை விதிகள், நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துரைப்பதும் மருந்தாளுநரின் கடமை என்று வகுத்தன. எழுத்தில் பார்த்தால் குறையொன்றும் இல்லை.

இனி எல்லைப்புறத்துக்கு வருவோம். சித்தூர் மாவட்டம் 1911-இல், வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்தெடுத்த பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1953 வரை சென்னை ராஜதானியிலும் ராஜ்யத்திலும் இருந்தது. ஆந்திரம் பிரிந்த பின், எல்லை பற்றிய வழக்கு படாஸ்கர் தீர்ப்பின்படி முடிந்து, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழ்நாட்டின் பக்கம் வந்தது. நகரியும் புத்தூரும் திருப்பதியும் அந்தப் பக்கம் நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு மாறி மாறி விழுந்தாலும், அந்தப் பகுதி மக்களின் பேச்சு அன்றும் இன்றும் ஒரே மாதிரிதான். ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். கல்யாணம் அந்தப் பக்கம், சந்தை இந்தப் பக்கம். பெரிய நோய் என்றால் சித்தூர்க்காரர் வேலூருக்குப் பஸ் ஏறுவார்; சிறிய நோய் என்றால் தம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடப்பார்.

இதில் யாரும் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. திருத்தணிப் பக்கத்து அரசாங்க மருத்துவமனைக்கு மருந்து வருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்திலிருந்து. சில மைல் தள்ளி நகரிப் பக்கத்துக்கு வருவது ஆந்திர அரசாங்கத்தின் கழகத்திலிருந்து. மருந்து ஒன்றே, அட்டையின் நிறம் வேறு, அச்சிட்ட எழுத்து வேறு, மாத்திரையின் வடிவம்கூட வேறு. வேலூர்த் தனியார் கடையில் வாங்கினால் அதற்கு மூன்றாவது ஒரு பெயர். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இவை மூன்றையும் ஒரே மருந்து என்று எப்படி அறிவார்?

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், எல்லையை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநராக இருந்தேன். என் சன்னலுக்கு மாதந்தோறும் ஒரு மூதாட்டி வருவார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சர்க்கரை நோய். கிளிபென்கிளமைடு என்ற மாத்திரையை முப்பது நாளைக்கு எண்ணிக் கொடுப்பேன். வரிசையில் எழுபது எண்பது பேர் நிற்பார்கள். ஒருவருக்கு ஒரு நிமிஷம் கிடைத்தால் அதிகம். 'காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்' என்று சொல்வேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். மூன்று மாதம் இப்படியே நடந்தது.

நான்காம் மாதம் ஒரு நாள் காலையில், வேர்க்கடலைக் கொல்லையில் அவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் வேர்வை. பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருவர் சமயத்தில் வெல்லத்தைக் கரைத்து வாயில் ஊற்றியிருந்தார். அதனால் பிழைத்தார் என்றே சொல்ல வேண்டும். டாக்டர் சர்க்கரைக் கரைசலை நரம்பில் ஏற்றினார். மகன் ஒரு மஞ்சள் பையை என் மேசைமேல் கவிழ்த்தான். என் கையால் கொடுத்த அட்டை ஒன்று. வேலூரில் வாங்கிய அட்டை ஒன்று. இரண்டும் அதே கிளிபென்கிளமைடு. மூன்று மாதமாக அவர் இரண்டையும் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

தெளிந்த பிறகு கேட்டேன். 'ஏன் அம்மா, இரண்டும் ஒரே மருந்து என்று யாரும் சொல்லவில்லையா?'

'இது வேலூர் டாக்டர் குடுத்தது, அது நீ குடுத்தது. ரெண்டு பேரும் நல்லதுக்குத்தானே குடுப்பீங்க சாமி' என்றார்.

அவரிடம் 'வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?' என்று நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிஷம் போதும். வரிசையின் நீளத்தைக் காரணம் காட்டலாம். காட்டினால் என் மனம் ஒப்பாது.

அன்று மாலை நான் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். எல்லைப்புற மருத்துவமனைகளில், நோயாளி தம்மிடமுள்ள எல்லா மருந்துகளையும் கொண்டுவந்து காட்டும்படி ஒரு நாளை ஒதுக்கலாம் என்றும், அட்டையில் மருந்தின் மூலப்பெயரைத் தெலுங்கிலும் தமிழிலும் முத்திரையிட்டுக் கொடுக்க அனுமதி வேண்டும் என்றும், எழுபது வயதானவர்களுக்கு இந்த மாத்திரை ஏற்றதுதானா என்று பரிசீலிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். விடை வரவில்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. அந்தக் கடிதம் எந்த மேசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது எனக்கே தெரியாது. மருந்துப் பட்டியலை யார் தீர்மானிக்கிறார், அட்டையின் அச்சை யார் தீர்மானிக்கிறார், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரே மருந்தாளுநர் போதும் என்று யார் எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்தார், இவை ஒன்றும் எனக்குத் தெரியாது. குறை இருக்கும் இடம் எனக்குத் தெரிந்திருந்தது. அதைத் திருத்தும் இடம் தெரியவில்லை. திருத்தும் இடத்தில் இருந்தவர்களுக்கோ வேர்க்கடலைக் கொல்லை தெரியாது.

பின்னால் நடந்தது என்னவென்றால், 2013-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிளிபென்கிளமைடு ஏற்றதன்று என்ற குறிப்பு இடம்பெற்றது. நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டுத் தேசியப் பட்டியலில் அதன் இடத்தில் கிளைமிபிரைடு வந்தது. என் கடிதத்துக்கும் இதற்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெரிய ஆராய்ச்சிகளின் முடிவு அது. ஆனால் அந்த ஆராய்ச்சி சொன்னதை, நாடெங்கும் மருந்துச் சன்னல்களில் நின்ற பலர் தங்கள் கண்ணாலேயே கண்டிருக்கக்கூடும். கேட்பார் இல்லை.

அரசாங்கச் சபைகளில் மருந்தாளுநரின் குரல் அறவே இல்லை என்று சொன்னால் அது தவறாகும். 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவில் பார்மசிக் கவுன்சிலின் தலைவருக்கு இடம் உண்டு. இந்திய மருந்தியல் சங்கம் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கும் உண்டு. அவர்கள் தகுதி வாய்ந்தவர்கள். ஆயினும் தலைவர்களும் பேராசிரியர்களும் வேறு. திங்கட்கிழமை காலையில் சன்னலைத் திறந்து முதல் சீட்டை வாங்குகிறவர் வேறு.

அந்த அனுபவம் கொள்கைக்கு எவ்வளவு பயன்படும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. முன்பெல்லாம் அரசாங்க மருத்துவமனைகளுக்கு மாத்திரைகள் ஆயிரம் கொண்ட டப்பாக்களில் வரும். டப்பாவைத் திறந்து, கையால் எண்ணி, பழைய காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுப்போம். மழைக் காலத்தில் மாத்திரை பிசுபிசுக்கும், எண்ணிக்கை தவறும், பொட்டலத்தில் பெயர் இராது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டபொழுது, மாத்திரைகளை அட்டையாகவே வாங்குவது என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு தொகுதி மருந்தையும் சோதனைச்சாலைக்கு அனுப்பித் தேறிய பிறகே வெளியே விடுவது, மாவட்டந்தோறும் கிடங்கு வைப்பது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் போல் ஒரு பாஸ் புத்தகம் கொடுத்து அதில் உள்ள தொகைக்கு வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளச் செய்வது என்று பல ஏற்பாடுகள். பாஸ் புத்தகத்தைப் பற்றிப் பொருளாதார நிபுணர்கள் புகழ்ந்து பேசுகிறார்கள், பேசட்டும். என்னைக் கேட்டால் அந்த அட்டைதான் பெரிய புரட்சி. அட்டையில் பெயர் இருக்கிறது, காலாவதித் தேதி இருக்கிறது. மூதாட்டியின் மஞ்சள் பையிலிருந்து விழுந்தவை பெயரில்லாப் பொட்டலங்களாக இருந்திருந்தால், இரண்டும் ஒன்று என்பதை நானும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். பின்னர்ப் பல மாநிலங்கள் இந்த ஏற்பாட்டைப் பின்பற்றின.

திருப்பதியைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2021 மே 10-ஆம் நாள் இரவு, திருப்பதி ரூயா அரசாங்க மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததால் கோவிட் நோயாளிகள் 11 பேர் இறந்ததாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டிய டாங்கர் லாரி தாமதமாக வந்தது. மீண்டும் நிரப்பி அழுத்தத்தைச் சரிசெய்யச் சில நிமிஷங்கள் பிடித்தன. அவ்வளவுதான். நாடு முழுவதும் ஆக்சிஜனுக்குத் தவித்த நாட்கள் அவை. அன்று பணியில் இருந்தவர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் ஒருவரையும் எளிதில் பழிக்க மாட்டார்கள். ஆனால் மருத்துவ ஆக்சிஜன் என்பது சட்டப்படி ஒரு மருந்து. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து. ஒரு மருந்து இருப்பில் எந்த அளவுக்குக் குறைந்தால் உடனே எழுதி வரவழைக்க வேண்டும், வழியில் ஒரு நாள் தாமதமானால் கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிடுவது மருந்தாளுநர் டிப்ளமா மாணவனுக்கே கற்பிக்கும் பாடம். மாத்திரைக்கு அந்தக் கணக்கைப் போடுகிறோம். குழாயில் வரும் மருந்தைப் பொறியாளர் காரியம் என்று நினைத்துவிடுகிறோம். மருந்தாளுநர் ஒருவர் திட்டமிடும் மேசையில் இருந்திருந்தால் அந்த இரவு வேறாக முடிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அகந்தை. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியவர் அங்கே ஒருவர் இருக்கலாமே என்றுதான் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் என்ன செய்கிறார்கள்? அந்நாட்டின் தலைமை மருந்தியல் அலுவலர் பெயரால் ஒரு நல்கைத் திட்டம் நடக்கிறது. மருத்துவமனையிலோ கடையிலோ பணிபுரியும் இளம் மருந்தாளுநர்கள் ஓராண்டுக் காலம் தம் பணியிலிருந்து விடுபட்டு, தேசிய சுகாதார சேவையின் தலைமை அலுவலகத்திலும், மருத்துவமனைகளின் தரத்தைச் சோதிக்கும் ஆணையம் போன்ற அமைப்புகளிலும் அமர்கிறார்கள். கோப்பு எப்படி நகர்கிறது, செலவு எப்படி மதிப்பிடப்படுகிறது என்பதையெல்லாம் கண்ணால் கண்டு, ஒரு வேலையைத் தாமே பொறுப்பேற்றுச் செய்கிறார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகமும் மருந்தாளுநர் சங்கங்களும் சேர்ந்து, மருந்தாளுநர் ஒருவரை நாடாளுமன்றமாகிய காங்கிரஸின் அலுவலகத்தில் ஓராண்டு பணியாற்றச் செய்யும் திட்டத்தை நடத்தி வந்திருக்கின்றன. சட்டம் எழுதுகிறவர் அறையில், 'இந்த வாசகத்தின்படி நடந்தால் கடையில் இன்ன சங்கடம் வரும்' என்று சொல்ல ஒருவர் இருக்கிறார்.

நம் நாட்டில் இத்தகைய ஏற்பாட்டுக்கு வேண்டிய எலும்புக்கூடு இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2022-இல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு, இளம் பட்டதாரிகளை இரண்டாண்டுக் காலம் அரசாங்கத் துறைகளோடு சேர்ந்து பணிபுரியச் செய்தார்கள். அதே முறையில், மருந்தாளுநர்களுக்கென்று ஆண்டுதோறும் சில இடங்களை ஒதுக்கி, ஒருவரை மருந்து வாங்கும் கழகத்திலும், ஒருவரைத் தில்லியில் மருந்து விலையை நிர்ணயிக்கும் ஆணையத்திலும், ஒருவரைக் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்து நூல் ஆணையத்திலும் அமர்த்துவது பெரிய செலவன்று. இவற்றுள் கடைசியாகச் சொன்ன இடத்துக்குத்தான், மருந்தினால் விளையும் தீங்குகளைப் பற்றிய அறிக்கைகள் நாடெங்கிலுமிருந்து வந்து சேர்கின்றன. என் மூதாட்டியின் மயக்கம் அங்கே ஓர் அறிக்கையாகப் போயிருக்க வேண்டும். இப்பொழுதுள்ள அந்த ஏற்பாடு 2010-இல் தொடங்கியது. இன்றுகூட எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்தப் படிவத்தை எடுத்து எழுதுகிறார்கள் என்று கேட்டால் நாம் சற்று மௌனமாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த யோசனையைச் சொன்னவுடன் என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற டாக்டர், ஒரு தடை எழுப்பினார். 'ஐயா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பதே ஒரு மருந்தாளுநர். அவரையும் ஓராண்டு தலைநகருக்கு அழைத்துக்கொண்டால் சன்னலில் யார் நிற்பது? நர்சு நிற்பார். ஊசி போடுவதை விட்டு மாத்திரை எண்ணுவார். உம்முடைய கொள்கை நன்றாக வளரும். என் நோயாளி கெடுவான்' என்றார். இதற்கு எளிய விடை கிடையாது. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் பல மருந்தாளுநர்கள் இருப்பார்கள். ஒருவர் போனால் மற்றவர் பார்த்துக்கொள்வார். இங்கே, போகிறவருக்குப் பதில் ஆளை நியமித்துவிட்டுத்தான் அவரை விட வேண்டும். அந்தச் செலவையும் நல்கையின் செலவாகவே எழுத வேண்டும். இந்த ஒரு விதியை விட்டுவிட்டால் நடக்கப் போவது என்ன என்பதை நான் இப்பொழுதே சொல்லிவிடுவேன். நகரத்துக் கல்லூரி ஆசிரியர்களும், பெரிய மருத்துவமனைகளில் இருப்பவர்களும் மட்டுமே விண்ணப்பிப்பார்கள். நல்ல ஆங்கிலத்தில் நல்ல அறிக்கைகள் வரும். எல்லைப்புறத்துச் சன்னலில் இருப்பவர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்து இழுப்பறையில் வைத்துவிடுவார்.

போனவர் திரும்பி வர வேண்டும் என்பதும் என் கருத்து. தலைநகரின் காற்றுப் பட்டவர் கிராமத்துக்குத் திரும்புவது கடினந்தான். ஆனாலும் ஓராண்டு முடிந்ததும் பழைய சன்னலுக்கே வந்து இரண்டாண்டாவது பணிபுரிய வேண்டும் என்று வைத்தால்தான், தாம் எழுதிய குறிப்பு அட்டையாகவும் முத்திரையாகவும் மாறி வரும்பொழுது அது எப்படி வேலை செய்கிறது என்பதை அவரே காண்பார். பட்டத்தைவிட அனுபவத்தைக் கொண்டு ஆளைத் தேர்ந்தெடுப்பது நலம். டிப்ளமா மட்டும் படித்துப் பத்தாண்டு மருந்து கொடுத்தவருக்கு வாயில் மூடப்படக் கூடாது. திருப்பதியில் பெண்களுக்கென்று 1983-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ பத்மாவதி மகிளா விசுவவித்யாலயத்தில் மருந்தியல் கற்பிக்கிறார்கள். அங்கே படித்து வெளிவரும் பெண்கள் பலர் கிராமங்களுக்கு வரத் தயங்குவதில்லை என்பதை நான் கண்டிருக்கிறேன். குடும்பத்தை விட்டு ஓராண்டு வெளியூர் போவது அவர்களுக்கு எப்படி முடியும் என்பதையும் சேர்த்து யோசித்துத்தான் திட்டம் எழுத வேண்டும்.

வெளி மாநிலங்களில் வாழும் உங்களுக்கு இதில் தனியாக ஓர் அக்கறை உண்டு. எல்லைப்புறத்து மூதாட்டியின் நிலையும் உங்கள் நிலையும் அவ்வளவு தொலைவில் இல்லை. ஊருக்கு வந்தபொழுது மதுரையில் ஒரு டாக்டர் எழுதிய மருந்து, இருக்கும் ஊரில் வேறொரு டாக்டர் எழுதிய மருந்து, இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும். உடன் வந்து தங்கியிருக்கும் வயதான தாயாருக்கு அவ்வூர் மொழி தெரியாது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் ஆங்கில எழுத்தில் எழுதித் தாயாரின் பணப்பையில் வைத்துவிடுங்கள். எந்த மாநிலத்தில் உள்ள மருந்தாளுநரும் அதைப் படித்துவிடுவார். திருப்பதிக்குப் புறப்படும்பொழுது உங்கள் பையிலும் ஒன்று இருக்கட்டும். நம் பிள்ளைகளில் மருந்தியல் படிக்கிறவர்கள் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று மொழி பேசத் தெரிந்த அவர்கள், இத்தகைய நல்கை எங்கே அறிவிக்கப்பட்டாலும் தயங்காமல் எழுதிப் போட வேண்டும்.

அந்த மூதாட்டியைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. அன்றிலிருந்து அவர் மாதந்தோறும் மஞ்சள் பையை என் மேசையில் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் புது மாத்திரை வாங்குவார். வரிசையில் நிற்கும் மற்றவர்களையும், 'எல்லாத்தையும் கொட்டிக் காட்டுங்க, அவரு பாப்பாரு' என்று அதட்டுவார். எனக்கு வேலை இரட்டித்தது. சில ஆண்டுகள் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. என் இடத்துக்கு ஓர் இளம்பெண் வந்தாள். தெலுங்கு பேசுகிறவள், தமிழ் அரைகுறை. ஒரு மாதம் கழித்து அவள் தொலைபேசியில் அழைத்தாள். 'சார், ஒரு பாட்டி வந்து ஒரு பை மருந்தை மேசையில் கொட்டிவிட்டு, பார்த்தால்தான் போவேன் என்கிறாள். பின்னால் எண்பது பேர் நிற்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?' என்று கேட்டாள்.

'ஒவ்வொன்றாக எடுத்துப் பார் அம்மா' என்றேன்.

'எண்பது பேர் சார்' என்றாள் மறுபடியும்.